எஸ் என்றால் ஸ்லோ அல்ல

நான் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை படித்தவன். அதற்கு மேல் படிக்காததை, நான் கேட்காமலேயே மன்னித்துவிடுகிறவர்கள் உண்டு. அந்த மன்னிப்பு எனக்கு வேண்டாம். ஆட்டோ கியர் கார் எப்படி மலை ஏறும், எப்படி மலை இறங்கும் என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. சொல்லித்தர வந்தவர்கள் தப்பாகச் சொன்னார்கள். நான் ஓட்டின அப்படி ஒரு காரில் இருந்த இரண்டே எழுத்துகளுக்காக நான் பல மாதம் சண்டை பிடித்தேன். வாயால் அல்ல. நாலு பேர் நிற்கிற இடத்தில் பேச வேண்டும் என்றால் என் காது இரண்டும் சூடாகிவிடும். இன்றைக்கும் அப்படித்தான்.

எழுபதுகளில் நான் கொழுந்து லோரி ஓட்டிக்கொண்டிருந்தேன். கம்போங் ராஜா என்ற மலை ஊருக்குப் பக்கத்தில் எங்கள் தேயிலைத் தோட்டம். மலைச்சரிவில் பறித்த கொழுந்தை மூட்டை மூட்டையாக ஏற்றி ஃபேக்டரிக்குக் கொண்டுவர வேண்டும். பதினோரு வருடம் அதுதான் வேலை. லோரி டிரைவர்களுக்கு ஒரு சட்டம் இருந்தது. எந்த கியரில் மேட்டில் ஏறினாயோ அதே கியரில்தான் இறங்க வேண்டும். பிரேக்கை நம்பி இறங்கினவன் பள்ளத்தில் கிடப்பான். எந்தப் புத்தகத்திலும் நான் இதைப் படிக்கவில்லை. பள்ளத்தில் கிடந்த லோரிகளைப் பார்த்திருக்கிறேன்.

எண்பதுகளின் நடுவில் தோட்டத்தை நிர்வகிக்கப் புதுத் துரை வந்தார். வெள்ளைக்காரத் துரைகளின் காலம் முடிந்து வெகு நாளாகியிருந்தது. இவர் ஈப்போவில் பிறந்த தமிழர். தேயிலையைப் பற்றி எல்லாம் தெரிந்தவர். காரை ஓட்டத் தெரியுமே தவிர அதைப் பற்றி வேறு ஒன்றும் தெரியாதவர். அவர் வந்து சில மாதத்தில் கோலாலம்பூர் பெரிய ஆபிஸிலிருந்து ஒரு கார் வந்தது. அங்கே யாரோ புதுக் கார் வாங்கிக்கொண்டு, ஓட்டின காரை மலைக்கு அனுப்பியிருந்தார்கள். கருநீல நிறம், ஜெர்மன் தேசத்துக் கார். கதவைச் சாத்தினால் பெட்டகம் மூடுவது போல் சத்தம் வரும். என் கை சுத்தமாக இருக்கும், நான் குடிப்பதில்லை என்ற இரண்டு காரணத்துக்காக என்னை லோரியிலிருந்து இறக்கி அந்தக் காரில் உட்கார வைத்தார்கள்.

காரோடு வரவேண்டிய புத்தகம் வரவில்லை. கோலாலம்பூரிலேயே தங்கிவிட்டது. கியர் கம்பிக்குப் பக்கத்தில் பி, ஆர், என், டி என்று எழுத்துகள் இருந்தன. அவற்றுக்குக் கீழே மூன்று, இரண்டு என்று எண்கள். அதெல்லாம் ஓரளவு விளங்கியது. அதை ஒட்டி விரல்நுனி அளவுக்கு ஒரு ஸ்விட்ச் இருந்தது. ஒரு பக்கம் தள்ளினால் எஸ். மறு பக்கம் தள்ளினால் ஈ. இது எதற்கு என்று துரைக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

கிராணிக்குத் தெரிந்திருந்தது. எங்கள் ஆபிஸில் கணக்கு எழுதும் குமாஸ்தாதான் கிராணி, இங்கிலீஷ் பள்ளியில் படித்தவர். ஆபிஸுக்கு வரும் இங்கிலீஷ் கடிதம் எல்லாவற்றுக்கும் அவர்தான் பதில் எழுதுவார். கார் கண்ணாடி வழியாகத் தலையை நீட்டிப் பார்த்தார்.

"இது கூடவா தெரியல? எஸ்-னா ஸ்லோ. ஃபேக்டரி வாசல்ல அந்தக் காலத்து போர்டு நிக்குதுல்ல, அதுல என்னா போட்டுருக்கு? ஸ்லோ. ஈ-ன்னா எக்ஸ்பிரஸ். பஸ்ஸு மேல எழுதியிருக்கான்லா."

துரை தலையாட்டினார். எனக்கும் அப்போது அது சரியாகத்தான் பட்டது. எழுத்துத் தெரிந்தவர் சொல்கிறார். நான் யார்?

கிராணி அதோடு நிற்கவில்லை. ஆபிஸ் காகிதத்தில் தமிழிலும் இங்கிலீஷிலும் தட்டச்சு அடித்து, கீழே முத்திரை குத்தி, ஸ்டீயரிங்குக்கு எதிரே ஒட்டிவிட்டார். துரை இருக்கும்போது ஈ-யில் மட்டுமே ஓட்ட வேண்டும். கியர் கம்பியை டி-யிலிருந்து எடுக்கக் கூடாது. ஏன் என்று கேட்டேன்.

"ஆட்டோன்னா அதுவா மாத்திக்கும்னு அர்த்தம். நீ கைய வச்சா உள்ள கியர் பல்லு போயிரும். லோரி புத்திய இங்க காட்டாதப்பா."

நானும் ஈ-யில் ஓட்டினேன். கம்போங் ராஜா கடைத்தெருவில் லோரி ஓட்டும் கூட்டாளிகள் காப்பி குடித்துக்கொண்டிருப்பார்கள். காகிதத்தில் எழுதியிருப்பதை அவர்களில் ஒருவன் படித்துவிட்டான்.

"என்னண்ணே, பெரிய காரக் குடுத்து ஈ ஓட்டச் சொல்லிட்டாங்களாமே."

"கொழுந்து லோரியில இருந்தப்ப மனுசனுக்கு வேலையாவது இருந்துச்சுலா. இப்பப் பாரு, துரை சம்பளத்துல ஈ ஓட்டறாரு."

"விடுடா, அவரு பாவம். கொசு வந்தா அதுக்கு வேற ஸ்விட்ச் இருக்கும்."

அதன் பிறகு நான் எங்கே காரை நிறுத்தினாலும் ஒருவன் கையை ஆட்டி ஈ விரட்டிக் காட்டுவான். அவர்கள் சிரித்தது பெரிதாகத் தெரியவில்லை. கார் என் கையில் செத்துக் கிடந்ததுதான் என்னைத் தின்றது.

மேட்டில் நிறுத்தி எடுத்தால் கிழவன் எழுந்திருப்பது போல் எழும். வளைவுக்கு முன் பெடலிலிருந்து காலை எடுத்தால் உடனே மேல் கியருக்குத் தாவிவிடும். வளைவு முடிந்து காலை வைத்தால் முதலில் ஒன்றும் நடக்காது. இன்னும் அழுத்தினால் திடீரென்று கீழ் கியருக்கு விழுந்து உதைக்கும். மறுபடி வளைவு, மறுபடி தாவல், மறுபடி உதை. தானா ராத்தா டவுனுக்குப் போய்த் திரும்புவதற்குள் நூறு வளைவு. வழியில் திரிங்காப் மேட்டில் ஒருநாள் துரையின் சம்சாரம், எங்கள் துரைசாணி, காரை நிறுத்தச் சொல்லி, முட்டைகோஸ் தோட்டத்து ஓரத்தில் வாந்தி எடுத்தார்.

துரை என்னைத் திட்டவில்லை. அவர் சொன்னது திட்டைவிட மோசம். "உன் மேல தப்பு இல்ல. லோரி ஓட்டுன கை. ஆட்டோ உனக்குப் பிடிபடல."

கிராணி அதற்காகவே காத்திருந்தவர்போல், ஈப்போவில் தன் மச்சான் ஒருவன் முதலாளி வீட்டில் ஆட்டோ கார் ஓட்டுகிறான் என்றார். நல்ல பையன், கோட்டும் போடுவான் என்றார். துரை யோசிப்பதாகச் சொன்னார். அந்த இடம் போனால் எனக்கு லோரியும் கிடைக்காது. அதில் வேறு ஆள் ஏறிவிட்டான். செடிக்கு மருந்து அடிக்கும் கூட்டத்தில் போய் முதுகில் தொட்டியைச் சுமக்க வேண்டியதுதான். அந்த வேலை கேவலம் என்று நான் நினைக்கவில்லை. என் தகப்பனார் அதைச் செய்தவர். ஆனால் ஓட்டத் தெரியாதவன் என்று பெயர் வாங்கி அங்கே போக எனக்குச் சம்மதமில்லை.

சனிக்கிழமை மத்தியானம் காரைக் கழுவுகிற நேரம். கராஜிலிருந்து ஃபேக்டரிக்குக் கீழே இருக்கும் தண்ணீர்க் குழாய்க்கு அரை மைல் இறக்கம். திரும்பி வர அதே அரை மைல் ஏற்றம். அன்றைக்கு மூன்று தடவை கழுவினேன். பார்த்தவர்கள் எனக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று நினைத்திருக்கலாம்.

கண்ணாடியை எல்லாம் இறக்கிவிட்டேன். ரேடியோவை அணைத்தேன். கிராணி ஒட்டின காகிதத்தைப் பார்க்காமல் இருக்க அதன் மேல் துண்டைத் தொங்கவிட்டேன். முதலில் ஈ. இன்ஜின் முனகத் தொடங்குவதற்குள்ளேயே மேல் கியருக்குப் போனது. புறப்படும்போதே இரண்டாவது கியரில் புறப்படுகிறது என்று எனக்குச் சத்தத்திலேயே தெரிந்தது. லோரியில் முதல் கியர் விழாத நாளில் அப்படித்தான் எடுப்போம். அந்த இழுவை எனக்குத் தெரியும். பிறகு எஸ். முதல் கியரில் எடுத்தது. இன்ஜின் நன்றாகக் குரல் விட்ட பிறகுதான் அடுத்ததற்கு மாறியது. வளைவில் காலை எடுத்தால் கியரை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றது. காலை வைத்தவுடன் இழுத்தது. ஒரே ஏற்றம், ஒரே கார். இரண்டு வேறு மிருகம்.

ஸ்லோ என்று சொன்னது ஓடியது. எக்ஸ்பிரஸ் என்று சொன்னது தூங்கியது.

இறக்கத்தில் இன்னொன்றைப் பார்த்தேன். டி-யில் விட்டால், ஈ-யோ எஸ்-ஸோ, கார் உருண்டுகொண்டே வேகம் கூட்டும். பிரேக்கில் காலை எடுக்க முடியாது. கம்பியை மூன்றுக்கு இழுத்தேன். ஒரு பல்லும் போகவில்லை. இன்ஜின் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டது. இன்னும் மெதுவாக்கி இரண்டுக்கு இழுத்தேன். பதினோரு வருடம் நான் லோரியில் செய்ததைக் கார் செய்தது. ஆட்டோ என்றால் மேட்டில் அதுவாக மாற்றிக்கொள்ளும். பள்ளம் முன்னால் வருவது அதற்குத் தெரியாது. அதைப் பார்க்கிற கண் எனக்குத்தான் இருக்கிறது.

திங்கட்கிழமையிலிருந்து நான் மேட்டில் எஸ் போட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. துரைசாணி வாந்தி எடுக்கவில்லை. "இன்னைக்கு ரோட்ட சரி செஞ்சுட்டாங்களா?" என்று ஒருநாள் கேட்டார். நான் இல்லை என்று மட்டும் சொன்னேன்.

அந்த நிம்மதி இரண்டு வாரம்கூட இல்லை. ஒருநாள் கிராணியும் எங்களோடு தானா ராத்தாவுக்கு வந்தார். திரிங்காப்பில் ஒரு முட்டைகோஸ் லோரி முன்னால் ஊர்ந்துகொண்டிருந்தது. பாதை நேராக இருந்த இடத்தில் வெளியே எடுத்து அழுத்தினேன். கார் பாய்ந்தது. பாதி லோரியைத் தாண்டியிருப்போம். பின்னாலிருந்து கிராணியின் குரல்.

"துரை, இவன் ஸ்லோவுல போட்டுருக்கான்."

துரை எட்டிப் பார்த்தார். கண்ணாடிக்கு வெளியே லோரி பின்னால் போய்க்கொண்டிருந்தது. அதை அவர் பார்க்கவில்லை. ஸ்விட்சைத்தான் பார்த்தார்.

"எழுதி ஒட்டியிருக்குல்ல? மாத்து."

மாற்றினேன். கார் மூச்சை விட்டுவிட்டது. எதிரே ஒரு லேண்ட்ரோவர் வருவது தெரிந்தது. நான் பிரேக் அடித்து மறுபடி லோரிக்குப் பின்னால் ஒதுங்கினேன். முட்டைகோஸ் இலை ஒன்று பறந்து வந்து முன்கண்ணாடியில் ஒட்டிக்கொண்டது. நடந்து போகிறவன் எங்களை முந்திப்போவான், அப்படி ஒரு வேகம்.

கிராணி சாய்ந்து உட்கார்ந்தார். "இப்பத்தான் வண்டி ஸ்மூத்தா போவுது, துரை."

அன்று சாயங்காலம் துரை வீட்டு வாசலில் என் காது சூடாகச் சூடாகச் சொன்னேன். "துரை, கிராணி சொல்றது தப்பு. அது ஸ்லோ இல்ல."

"அப்ப என்னா அது?"

"தெரியாது, துரை."

"தெரியாதுன்னா பேசாத. அவரு படிச்சவரு."

அதே வாரம் மச்சான் வந்து சேர்ந்தான். கோட்டு உண்மைதான். கிராணி என்னைக் கூப்பிட்டு, வெள்ளிக்கிழமை துரையை மலையடிவாரத்துத் தாப்பாவில் கொண்டுவிட்டுத் திரும்பி வந்ததும் சாவியைக் கொடுத்துவிட வேண்டும் என்றார். என் சம்சாரம் விஷயத்தைக் கேட்டுவிட்டு, "அவரு சொன்னாருன்னு குடுத்துருவீங்களா? வாயத் தொறக்கவே மாட்டீங்களே. கையையாவது தொறக்காம இருங்க" என்றாள்.

வெள்ளிக்கிழமை மழை. தாப்பா பாதை இறக்கம் என்றால் முப்பது மைலுக்கும் மேல். ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் காடு, எங்கே பார்த்தாலும் வளைவு. அன்றைக்குக் காரில் துரையும் நானும் மட்டும். அவர் முன் ஸீட்டில் உட்கார்ந்து காகிதத்தைக் காட்டினார். "கடைசி நாள். ஒழுங்கா எழுதியிருக்கிறபடி ஓட்டு."

வழியில் ரிங்லெட் ஊரைத் தாண்டும் வரை எழுதியிருக்கிறபடி ஓட்டினேன். டி, ஈ. கால் பிரேக்கிலேயே இருந்தது. பாதையோரத்து அருவிக்கு இன்னும் சில மைல் இருக்கும்போது கருகல் வாடை வந்தது. பிரேக் பெடல் மெத்தென்று கீழே போனது. லோரியிலேயே எனக்குத் தெரிந்த சங்கதி அது, பிரேக் சூடேறிச் சாகப்போகிறது. நான் கம்பியை மூன்றுக்கு இழுத்தேன். இன்ஜின் உறுமிக் காரைப் பிடித்தது.

"கைய எடு. தொடாதன்னு சொல்லியிருக்குல்ல?"

"தொட்டுட்டேன், துரை."

"திருப்பி டி-ல போடு."

"போட மாட்டேன்."

என் வாழ்நாளில் ஒரு துரையிடம் நான் அந்தச் சொல்லைச் சொன்னது அதுதான் முதல் தடவை. குரல் உரக்க வரவில்லை. ஆனால் வந்தது. வேகம் குறைந்ததும் இரண்டுக்கு இழுத்து, அருவிப் பக்கம் பெட்டாய்க் காய் விற்கும் கடைகளுக்கு முன்னால் சமதரை வந்ததும் நிறுத்தினேன். முன் சக்கரங்களிலிருந்து புகை வந்தது. மழைத்துளி விழுந்த இடமெல்லாம் சீறியது. துரை இறங்கி வந்து குனிந்து பார்த்தார்.

அரை மணி நேரத்துக்கு மேல் ஆறவிட்டோம். பிறகு நான் சாவியை அவரிடம் நீட்டினேன்.

"நீங்க ஓட்டுங்க, துரை. எழுதியிருக்கிறபடி ஓட்டுங்க. நான் பக்கத்துல உக்காந்துக்கிறேன்."

அவர் முகம் சிவந்தது. சாவியை வாங்கிக்கொண்டு ஏறினார். நானும் ஏறினேன். பயம் இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் அந்தக் காகிதத்தை நம்பி நான் மட்டும் பள்ளத்தில் விழுவதைவிட, நம்பினவரும் பக்கத்தில் இருக்கட்டும் என்ற வீம்பு பயத்தைவிடப் பெரிதாக இருந்தது.

ஐந்து வளைவு டி-யில் போனார். ஆறாவது வளைவில் மறுபடி அந்த வாடை லேசாக வந்தது. அவர் இடது கை ஸ்டீயரிங்கை விட்டு இறங்கிக் கியர் கம்பி மேல் வந்து நின்றது.

"எதுல?"

"மூணு."

இழுத்தார். இன்ஜின் பிடித்தது. அவர் தோள் இறங்குவதைப் பார்த்தேன். இரண்டு மூன்று வளைவு அப்படியே ஓட்டினார்.

"ரெண்டு எப்ப போடணும்?"

"இதவிட செங்குத்தா வந்தா, துரை. முதல்ல பிரேக்ல வேகத்தக் கொறைச்சுட்டுப் போடணும். வேகத்துல போட்டா உதைக்கும்."

"அந்த எஸ்? ஈ?"

"ஈ கெட்டது இல்ல. கீழ சமரோட்டுல போட்டா சும்மா தண்ணி மாதிரி போவும். மலை ஏற ஆகாது. மலைக்கு எஸ்."

"எஸ்-னா என்னா?"

"என்னான்னு தெரியாது, துரை. என்னா செய்யும்னு தெரியும்."

தாப்பா வரைக்கும் அவரே ஓட்டினார். இறங்கும்போது அவர் முகத்தில் கோபம் இல்லை, ஆனால் வெட்கம் இருந்தது. பெரிய மனிதர்களுக்கு வெட்கம் வந்தால் நம்மைத்தான் கேள்வி கேட்பார்கள்.

"இத மொதல்லயே சரியா சொல்லக் கூடாதா?"

"சொன்னேன், துரை. பேசாதன்னு சொன்னீங்க."

அவர் போன வேலை சீக்கிரம் முடிந்துவிட்டது. இரவு தங்குவதாக இருந்தவர், மலைக்கே திரும்பலாம் என்றார். நான் எஸ் போட்டு ஏறினேன். அவர் பின் ஸீட்டில் உட்கார்ந்து வந்தார்.

ஆபிஸ் வாசலில் கிராணி நின்றார். பக்கத்தில் மச்சான். சம்பள விஷயமாக வந்த ஏழெட்டுப் பேரும் வராந்தாவில் இருந்தார்கள். பின்னால் துரை இருப்பதைக் கிராணி கவனிக்கவில்லை. நான் இறங்கியதும் கையை நீட்டினார்.

"சாவியக் குடுப்பா."

எல்லாரும் பார்த்தார்கள். என் காது பற்றி எரிந்தது.

"தர மாட்டேன்."

"என்னா சொன்ன?"

"துரை கேட்டா துரை கையில குடுப்பேன். உங்க கையில குடுக்க மாட்டேன். நீங்க ஒட்டுன காகிதத்தால இன்னைக்கு ரெண்டு உசுரு போகப் பாத்துச்சு."

அதற்குள் துரை பின்கதவைத் திறந்து இறங்கியிருந்தார். கிராணி கையை மடக்கிக்கொண்டார். துரை அவரைப் பார்க்காமல் மச்சானைப் பார்த்தார்.

"தம்பி, இங்கேருந்து தாப்பாவுக்கு எறங்கணும். கியர எதுல போடுவ?"

"டி-லதான், சார். ஆட்டோதானே."

"பிரேக் சூடாச்சுன்னா?"

மச்சான் கிராணியைப் பார்த்தான். கிராணி தன் காலில் கிடந்த சப்பாத்தைப் பார்த்தார்.

"சாப்பிட்டுட்டு பஸ் ஏறு, தம்பி" என்று சொல்லிவிட்டுத் துரை உள்ளே போனார். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் அதற்காக நிற்கவும் இல்லை.

கிராணி படியில் நின்றபடி மெதுவாகக் கேட்டார். "எஸ்-னா ஸ்லோ இல்லைன்னு உனக்கு யாருய்யா சொன்னது?"

"நான் ஓட்டுறவன்" என்றேன்.

காரில் ஏறினேன். ஆபிஸிலிருந்து கராஜுக்குப் போகும் பாதை தோட்டத்திலேயே செங்குத்தானது. எஸ்-ஸில்தான் இருந்தது. பெடலை அடிவரை அழுத்தினேன். வராந்தாவில் நின்ற எல்லாருக்கும் காதில் விழும்படி, முதல் கியரில் இன்ஜினை முழுக் குரலில் கத்தவிட்டு, அந்த ஏற்றம் முழுவதும் ஏறினேன்.